பின்பக்கத்துக் காற்று

மெஷின் இல்லாமல் இன்றைக்கு வீடு திரும்புவதில்லை என்று சௌரிபாளையத்தில் பஸ் ஏறும்போதே நாச்சிமுத்து முடிவு கட்டியிருந்தார். காந்திபுரத்தில் இறங்கும்போது அந்த முடிவை இன்னொரு தடவை இறுக்கிக்கொண்டார். இப்போது நூறடி ரோட்டுக் கடையின் கண்ணாடிக் கதவைத் தள்ளும்போது மூன்றாம் தடவை. தூசி உறிஞ்சுகிற ஒரு சாமானுக்காக அறுபத்தாறு வயது ஆள் இத்தனை வீறாப்புக் காட்ட வேண்டுமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். நாளைக் காலை பதினொரு மணிக்கு ஓசூரிலிருந்து மகள் வினோதினி வருகிறாள், கூடவே பேத்தி நேத்ரா. இரண்டு வருஷம் கழித்து நேத்ரா அந்த வாசல்படி ஏறப்போகிறாள். போன தடவை வந்தபோது குழந்தைக்கு மூன்று வயது. வந்த மூன்றாம் நாள் காலையில் மூச்சு இழுத்துக்கொண்டது, ஆஸ்பத்திரியில் இரண்டு நாள். அதற்கப்புறம் பார்ப்பதென்றால் இவரும் மனைவியும்தான் ஓசூருக்குப் போனார்கள், குழந்தை இந்தப் பக்கம் வரவில்லை. இப்போது மாப்பிள்ளை வெளியூரில், வினோதினிக்கு இங்கே நாலு நாள் ஆபீஸ் வேலை, வேறு வழியில்லாமல்தான் வருகிறாள், அது அவருக்கும் தெரியும். போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அப்பா, வீடு தூசி இல்லாம இருக்குமாப்பா?" "நானாச்சு கண்ணு" என்றார். நானாச்சு என்று சொன்ன நாலாம் நாள் பழைய மெஷின் கருகிய நாற்றம் விட்டு நின்றுபோனது. எட்டு வருஷம் ஓடிய மெஷினுக்கு நிற்க வேறு நாளே கிடைக்கவில்லை.

கடைக்குள் குளிர். பிளாஸ்டிக் உறை பிரித்த வாசனை. வரிசையாக நின்ற மெஷின்களில் ஒன்றுகூடப் பழைய மெஷின் மாதிரி இல்லை, அது குண்டாக, பானை மாதிரி, வயிற்றுக்குள் காகிதப் பையோடு இருந்தது. இங்கே ஒன்று துடைப்பக் கட்டை மாதிரி ஒல்லியாகச் சுவரில் சாய்ந்திருந்தது, ஒன்று தோசைக்கல் மாதிரி தரையில் படுத்திருந்தது, அதைப் பார்த்து இவர் ஒதுங்கி நடந்தார். "சொல்லுங்க சார், என்ன பாக்கறீங்க?" என்று ஒரு பெண் வந்தாள், நாற்பது இருக்கும், சட்டையில் ஜெரினா என்று பெயர் மாட்டியிருந்தது. "தூசி மெஷினுங்க" என்றார் நாச்சிமுத்து, அந்தக் கோடியில் வாஷிங் மெஷின் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் குரல் அப்படி. முப்பத்து நாலு வருஷம் பஞ்சு மில்லில், அதிலும் புளோ ரூமில், பொதியை உடைத்துப் பஞ்சை அடித்துத் தூசி பிரிக்கிற இடத்தில் மேஸ்திரியாக இருந்தவர். அங்கே பக்கத்தில் நிற்கிற ஆளோடு பேசவே கத்த வேண்டும். மில்லை மூடிவிட்டார்கள், இடத்தில் அடுக்குமாடி வந்துவிட்டது, தொண்டை மட்டும் இன்னும் ஷிப்டில் இருக்கிறது. வலது காது பாதிக்கு மேல் போய்விட்டது. போன் வந்தால் ஸ்பீக்கரில்தான் பேசுவார், அவர் குடும்பக் கதை பஸ்ஸில் வருகிற எல்லாருக்கும் தெரியும். "ஊட்டுல என்ன தரைங்க சார்? டைல்ஸா, கிரானைட்டா?" என்று அந்தப் பெண் கேட்டாள். நல்ல கேள்வி, விஷயம் தெரிந்தவள்தான் என்று இவர் விரல் மடக்கிச் சொன்னார். ஹாலில் சிவப்பு சிமெண்டுத் தரை, அப்பா காலத்தில் போட்டது, கண்ணாடி மாதிரி இருந்து இப்போது அங்கங்கே மயிர்க்கோடாக வெடிப்பு. சமையல்கட்டில் டைல்ஸ். மகள் ரூமில் மரப்பலகை மாதிரி ஒட்டுகிற தரை, கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஆசைப்பட்டாள் என்று போட்டது, தண்ணீர் பட்டால் பொரி மாதிரி உப்பிவிடும், அதனால் அங்கே ஈரத்துணி ஆகாது. "கார்ப்பெட், கம்பளம் ஏதாச்சும் இருக்குதுங்களா?" "இல்லீங்க." அதுவும் கோடி வரைக்கும் கேட்டது. கொஞ்சம் அவசரமாகச் சொல்லிவிட்டோமோ என்று இருந்தது.

கம்பளம் இல்லையா? இருக்கிறது, மேலே அட்டாலியில், பரணில். பாலிதீன் காகிதம் சுற்றி நைலான் கயிற்றால் நாலு கட்டுப் போட்டு, பழைய குக்கர் பெட்டிக்குப் பின்னால் சுவரோரமாக. அட்டாலியில் இருப்பது தரையாகாது, அதனால் இல்லை என்று சொன்னது பொய்யில்லை என்று தனக்குத்தானே நியாயம் பேசிக்கொண்டார். மனைவி தெய்வானையின் தம்பி சம்பத்து பட்டாளத்தில் இருந்தபோது ஸ்ரீநகரிலிருந்து ரயிலில் தோளில் தூக்கி வந்த கம்பளம் அது. கருஞ்சிவப்பில் மஞ்சள் பூ. அடுத்த வருஷமே அவன் காய்ச்சலில் போய்விட்டான், பெட்டிதான் வந்தது. அந்தக் கம்பளத்தின் மேல் யாரும் செருப்போடு கால் வைத்ததில்லை, தெய்வானை வெற்றுக் காலோடுகூட ஓரமாகத்தான் உட்காருவாள், பூவின் மேல் உட்காரமாட்டாள். அதைத்தான் அன்றைக்கு ஆஸ்பத்திரியில், குழந்தையின் முகத்தில் புகை வருகிற முகமூடியை அழுத்திப் பிடித்திருந்தபோது, டாக்டர் வீட்டில் தூசி எப்படி என்று கேட்டபோது, இவர் சொன்னார். "எல்லாம் இவ விரிச்சு வெச்சிருக்கற கம்பளத்தாலதானுங்க. எடு எடுன்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டாளா?" எடு என்று அதற்கு முன்னால் ஒரு நாளும் சொன்னதில்லை. வார்டு முழுக்கக் கேட்டது. நர்ஸம்மா, சம்பந்தியம்மா, பக்கத்துக் கட்டிலில் இட்லி டப்பாவைத் திறந்துகொண்டிருந்த யாரோ ஒரு அம்மா, எல்லாரும் தெய்வானையைப் பார்த்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு குழந்தையின் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அன்று மத்தியானமே வீட்டுக்கு வந்து கம்பளத்தைச் சுருட்டினார். தனி ஆளாகச் சுருட்ட வரவில்லை, கோணிக்கொண்டு போனது. அவளே வந்து மறு ஓரத்தைப் பிடித்துக்கொடுத்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை என்று இப்போது தோன்றுகிறது, அப்போது தோன்றவில்லை, அப்போது நல்ல காரியம் செய்கிற ஆளாகத்தான் இருந்தார்.

"இது சார்ஜ் போட்டுக்கறதுங்க சார், ஒயர் கெடையாது, வெயிட்டு இல்ல" என்று ஜெரினா ஒல்லியானதை எடுத்துக் கையில் கொடுத்தாள். துடைப்பம் பிடிக்கிற மாதிரியே இருந்தது, அதனாலேயே பிடிக்கவில்லை. எத்தனை நேரம் ஓடும் என்றார், நல்ல வேகத்தில் வைத்தால் பதினைந்து நிமிஷம் என்றாள், ஹால் முடியவே பதினைந்து நிமிஷம் ஆகும், அப்புறம் மகள் ரூமுக்குச் சார்ஜ் ஏறும்வரை குழந்தை மூச்சைப் பிடித்துக்கொண்டா இருக்கும் என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை. தோசைக்கல்லை ஓட விட்டுக் காட்டினாள். அது தானாக நகர்ந்து சுவரில் முட்டி யோசித்துத் திரும்பியது. பார்க்க வேடிக்கையாக இருந்தது. ஆனால் சமையல்கட்டுக்கும் ஹாலுக்கும் நடுவில் நாலு விரல் உயரத்துக்கு நிலைப்படி இருக்கிறதே, அதை இது எப்படித் தாண்டும், ஒவ்வொரு தடவையும் தெய்வானை குனிந்து தூக்கிவிட வேண்டுமா, அவள் முழங்காலுக்கு அது ஆகுமா? வேண்டாம். வேண்டாம் என்று முடிவு எடுப்பதில் அவருக்கு எப்போதும் சிரமம் இருந்ததில்லை. மூன்றாவதாக அவள் காட்டியது உருளையாக, நீளக் குழாயோடு, பழையதற்குத் தம்பி மாதிரி இருந்தது. அதைப் பார்த்ததும் கால் நின்றது. சிவப்புத் தரைக்கு மெத்தென்ற ரோமப் பிரஷ், கீறல் விழாது. டைல்ஸ் இடுக்குக்கு ஒடுங்கிய வாய். மரத்தரைக்கு அந்த ரோமப் பிரஷே போதும். இதுதான், இதைக் கட்டச் சொல்லிவிட்டுப் பன்னிரண்டரை பஸ்ஸைப் பிடித்தால் சாயங்காலத்துக்குள் வீடு முழுக்க ஒரு சுற்று, நாளைக் காலை இன்னொரு சுற்று. சட்டைப் பையில் சீட்டு இருந்தது, தெய்வானை கையெழுத்தில் கடலைப்பருப்பு, ரவை, குழந்தைக்குப் பேரீச்சம்பழம், அதற்குக் கீழே இவர் கையெழுத்தில் ஸ்டேப்ளர் பின் ஒரு டப்பா. புது மெஷினுக்கும் பின் வேண்டுமே என்று காலையில் எழுதியது.

"உள்ள பேப்பர் பை வருதுங்களா?" என்று கேட்டார். "வருதுங்க சார். தூசி ரொம்ப ஆகாதவங்க இருந்தா பை மாடல்தான் நாங்களே சொல்லுவோம். உங்க பழைய மெஷினும் பைதானுங்களா? வருசத்துக்கு எத்தன பை மாத்துவீங்க?" நாச்சிமுத்துவுக்கு முகம் மலர்ந்துவிட்டது, இந்தக் கேள்விக்காக எட்டு வருஷம் காத்திருந்தவர் மாதிரி. "வருசத்துக்கா? எட்டு வருசத்துல மூணே பைதானுங்க!" கஞ்சத்தனம் என்று நினைத்துவிடக் கூடாதே என்று உடனே விளக்கமும் சொன்னார். காசுக்காக இல்லை, அது மில்லின் முறை. புளோ ரூமில் ஆளுயரத்துக்குத் துணிப் பைகள் தொங்கும், தூசிக் காற்று அதற்குள்ளே புகுந்து, தூசியை விட்டுவிட்டுக் காற்று மட்டும் வெளியே போகும். சனிக்கிழமை ஷிப்டு முடிந்ததும் காற்றாடியை நிறுத்திவிட்டு மூங்கில் குச்சியால் தட்டுவார்கள். தூசி கீழே விழும், சாக்கில் அள்ளுவார்கள், கிழிந்த இடத்தில் ஊசிநூல் போட்டுத் தைத்து மறுபடி மாட்டுவார்கள். பையைத் தூக்கிப் போட்டதாகச் சரித்திரமே கிடையாது. புதுப் பை முதல் வாரம் தூசியை விடும், பழகின பைதான் பிடிக்கும், இது அங்கே சேருகிற ஆளுக்கு முதல் நாள் சொல்லிக் கொடுக்கிற பாடம். அதே மாதிரிதான் வீட்டிலும். பை நிறைந்ததும் அடி மடிப்பைப் பிளேடால் ஒரே சீராகக் கீறி, முருங்கை மரத்தடியில் கொட்டி, விரலால் நாலு சுண்டு சுண்டி, இரண்டு மடிப்பு மடித்து, ஆறு பின். சனிக்கிழமை தவறாமல். தெய்வானைகூட வேடிக்கை பார்ப்பாள். ஜெரினா சிரிக்கவில்லை, அதுதான் அவருக்கு முதலில் உறுத்தியது. "துணிப் பைக்கு அது சரிங்க சார்" என்றாள் மெதுவாக. "இது காயிதமுங்க. ஒருக்கா நெறஞ்சா அதோட சரி. அதுல கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்கும், அது தட்டுனா அகண்டுக்கும். பின் அடிச்ச எடத்துல வேற ஓட்டை. பெருந்தூசி உள்ளயே நிக்கும், நைசு மாவாட்டம் இருக்கறது பின்னாடி வழியா வெளிய வந்துரும்." பின்னாடியா?

காட்டுகிறேன் என்று அவள் ஒரு கறுப்புத் துணியை எடுத்தாள். தரையில் மாதிரிக்கு ஒரு டைல்ஸ், ஒரு மரப்பலகை, ஒரு துண்டுக் கம்பளம் பதித்து வைத்திருந்தார்கள், அதன் மேல் ஒரு கரண்டி மைதாவைத் தூவினாள். மெஷினைப் போட்டாள். சத்தம் எழும்பியதும் நாச்சிமுத்துவின் உடம்பு தானாக நிமிர்ந்தது, அந்தச் சத்தத்தில்தான் அவர் ஆளானது. மாவு போன இடம் தெரியவில்லை. அவள் கறுப்புத் துணியை மெஷினின் பின்பக்கத்தில், காற்று வெளியே வருகிற சல்லடை முன்னால் விரித்துப் பிடித்தாள், துணி படபடத்தது, அணைத்துவிட்டு எடுத்துக் காட்டினாள், கறுப்பு கறுப்பாகவே இருந்தது. "பை புதுசுங்க, அதனால. பின் அடிச்ச பை போட்டு இதே துணிய வெச்சா வெள்ளத் துணியாப் போயிருமுங்க சார்." பின்பக்கத்துக் காற்று. எட்டு வருஷமாக அந்தக் காற்று அவர் கணுக்காலில் அடித்திருக்கிறது, வெதுவெதுப்பாக, ஒரு வாசனையோடு, அந்த வாசனை அவருக்குப் பிடிக்கும்கூட, பழைய பஞ்சு மாதிரி, புளோ ரூம் மாதிரி. புளோ ரூம் மாதிரி என்றால்? புளோ ரூமில் வாசனை என்பது என்ன? காற்றில் தூசி இருக்கிறது என்பதுதானே? திங்கட்கிழமை நெஞ்சு என்று அங்கே ஒன்று உண்டு, ஞாயிறு ஒரு நாள் நல்ல காற்று இழுத்துவிட்டு வந்த ஆளுக்குத் திங்கட்கிழமை மார்பில் அம்மியை வைத்த மாதிரி இருக்கும். துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு வேலை பார்த்த ஆட்களில் எத்தனை பேர் அறுபதைத் தாண்டினார்கள் என்று அவருக்குப் பேர் பேராகத் தெரியும். அப்பேர்ப்பட்ட ஆளுக்கா இது தெரியாமல் போகும்? இருக்காது. இந்தப் பெண் பை விற்பதற்காகச் சொல்கிறாள். கடைக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். தூசி கம்பளத்தில்தான் இருந்தது, கம்பளம் என்றாலே தூசிதான், டாக்டரே தலையை ஆட்டினார். ஆனால் கம்பளம் அட்டாலிக்குப் போன பிறகும் டிவி மேல் தூசி படிந்ததே? அது மேம்பால வேலையால். மேம்பால வேலை முடிந்து ஒரு வருஷம் ஆகிறதே? மெஷின் நின்று பத்து நாளாகிறதே, இந்தப் பத்து நாளில் டிவி மேல் தூசி எங்கே?

டிவி. அங்கேதான் நினைப்பு மாட்டிக்கொண்டது, எவ்வளவு இழுத்தும் வரவில்லை. குழந்தை வருவதற்கு எத்தனையோ மாசம் முன்னால் ஒரு சனிக்கிழமை, இவர் வீடு முழுக்க மெஷின் ஓட்டிவிட்டு வேர்வையோடு உட்கார்ந்திருந்தபோது தெய்வானை டிவி மேல் ஆட்காட்டி விரலால் ஒரு கோடு இழுத்தாள். கோடு கறுப்பாகத் தெரிந்தது. "ஏனுங்க, காத்தால நாந் தொடச்சேன். நீங்க மெஷின் ஓட்டுனதுக்கப்பறம்தான் இப்பிடி ஆகுது" என்றாள். இவர் சிரித்தார். சிரித்ததோடு விட்டாரா? "நீ எந்த மில்லுல வேல பாத்த? முப்பத்தி நாலு வருசம் தூசியத் தின்னவனுக்குத் தூசியப் பத்தி சொல்லித் தர்றயா?" என்றார். அவள் முந்தானையால் அந்தக் கோட்டையும் சேர்த்துத் துடைத்துவிட்டு உள்ளே போனாள். அதோடு அந்தப் பேச்சு போய்விட்டது என்று நினைத்திருந்தார், போகவில்லை, இங்கே நூறடி ரோட்டில் வந்து நிற்கிறது. சரி, தூசி கொஞ்சம் வெளியே வந்திருக்கட்டும், எல்லா வீட்டிலும்தான் தூசி, அதற்காக என்று ஆரம்பித்து அந்த மூன்று நாளுக்குள் போய் விழுந்தார். நேத்ரா வந்த முதல் நாள் சாயங்காலம் லேசாக இருமினாள். குழந்தை இருமுகிறதே என்று இவர் மெஷினை எடுத்து ஹாலை ஒரு சுற்று ஓட்டினார். மறுநாள் காலையில் இருமல் கூடியது, இரண்டு சுற்று ஓட்டினார், சாயங்காலம் இன்னும் ஒன்று. வினோதினி, "அப்பா, உக்காருங்கப்பா, போதும்" என்றாள், "உனக்குத் தெரியாது கண்ணு" என்றார். மூன்றாம் நாள் விடிந்ததும் குழந்தை தூங்கும்போதே அந்த ரூமுக்குள் போய், கதவைச் சாத்தி, விசிறியை நிறுத்தி, கட்டிலுக்கடியில் குழாயை விட்டு மூலை மூலையாக இழுத்தார். மெஷின் கட்டிலின் தலைமாட்டில் நின்றது. அதன் பின்பக்கம் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது? குழந்தையின் முகத்துப் பக்கம். அப்படித்தான் இருந்திருக்க வேண்டும், பிளக்கு அந்தச் சுவரில்தான் இருக்கிறது.

"சார், உக்காருங்க சார்" என்று ஜெரினா ஸ்டூல் ஒன்றை இழுத்துப் போட்டாள். "தண்ணி வேணுமுங்களா?" வேண்டாம் என்று கையைக் காட்டினார். கண் கலங்கியிருந்தது, ஏசிக் காற்று என்று நினைத்துக்கொள்ளட்டும். அந்தப் பெண் யாரென்றே தெரியாதவள், அவளுக்கு எதுவும் தெரியாது, யாருக்குமே தெரியாது. அதுதான் விஷயம். பழைய மெஷினைச் சனிக்கிழமை வருகிற இரும்புக்காரரிடம் போட்டுவிட்டால் முடிந்தது, வயிற்றுக்குள் ஆறு பின் அடித்த பையோடு அது போய்ச் சேரும். புது மெஷின், புதுப் பை, குழந்தை நன்றாக இருக்கும், நாலு நாள் ஓடியாடிவிட்டுப் போகும். "பாத்தீங்களா, கம்பளத்த எடுத்ததும் சரியாயிருச்சு" என்று வினோதினியே சொல்வாள். யாருக்கு என்ன நஷ்டம்? கம்பளம் அட்டாலியில் இருக்கும், அது ஒன்றும் கேட்காது. தெய்வானையும் கேட்கமாட்டாள், இரண்டு வருஷமாகக் கேட்காதவள் இனியா கேட்கப்போகிறாள். எழுந்து கவுண்டருக்குப் போய்விடலாம் என்று ஸ்டூலில் கையை ஊன்றினார். ஊன்றிய கை அப்படியே நின்றது. அவள் மறு ஓரத்தைப் பிடித்துக்கொடுத்தாளே. கோணாமல் சுருட்ட வேண்டும் என்று இரண்டு தடவை பிரித்துச் சரிபண்ணிக் கொடுத்தாளே. கயிறு கட்டும்போது முடிச்சின் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடித்தாள், இவர் இழுத்துக் கட்டினார். தன் பேத்திக்குத் தன்னால்தான் மூச்சு முட்டியது என்று இரண்டு வருஷமாக ஒருத்தி நினைத்துக்கொண்டு சோறாக்கியிருக்கிறாள், பூப் பறித்திருக்கிறாள், ஓசூருக்குப் போனால் குழந்தையைத் தூக்குவதற்கு முன்னால் சேலையை இரண்டு தரம் உதறிவிட்டுத்தான் தூக்குகிறாள். அதை இவர் பார்த்திருக்கிறார். கொசுவம் சரி செய்கிறாள் என்று நினைத்தார். ஓசூரில் குழந்தைக்கு ஒரு தடவைகூட இழுக்கவில்லை, அதையும் அவள் தன் கணக்கில்தான் எழுதிக்கொண்டிருப்பாள். இப்போது நாச்சிமுத்துவுக்குத் தன் மேல் வந்த கோபம் ஆஸ்பத்திரியில் அவள் மேல் வந்ததைவிடப் பெரிதாக இருந்தது, அது நல்லதாகவும் இருந்தது, அந்தக் கோபத்தில்தான் எழுந்து நிற்க முடிந்தது.

"ஏம்மா, நான் முன்னாடி தப்பாச் சொல்லிட்டனுங்க" என்றார். "எங்கூட்டுல கம்பளமும் இருக்குது. ஆறுக்கு நாலு. ஸ்ரீநகர் கம்பளம், நல்ல கெட்டி." ஜெரினா ஏன் முதலில் இல்லை என்றீர்கள் என்று கேட்கவில்லை. அப்படியென்றால் சுற்றுகிற பிரஷ் தனியாக வேண்டும், ரோமம் அடர்த்தியாக இருந்தால் சாதாரண வாய் மேலோட்டமாகத்தான் இழுக்கும் என்று உள்ளே போய் ஒரு பெட்டியைக் கொண்டுவந்தாள். சிவப்புத் தரைக்கு வரும்போது மறக்காமல் சுற்றுவதை நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் பளபளப்புப் போய்விடும் என்றாள், நிறுத்துகிற விசையைக் காட்டினாள், அவரையே இரண்டு தடவை போட்டு நிறுத்தச் சொன்னாள். குழந்தைக்கு மூச்சுத் தொந்தரவு உண்டு என்று இவர் சொன்னதும் அவள் முகம் மாறியது. "அப்ப கம்பளத்த இப்பவே விரிக்காதீங்க சார். பாப்பா இருக்கறப்ப வேணாம். மொதல்ல வெயில்ல போட்டு ரெண்டு பக்கமும் நல்லா இழுத்து வெச்சுக்குங்க, டாக்டர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்குங்க. ஊட்டுல மேல் பக்கமெல்லாம், பீரோ மேல, பேன் ரெக்க, எல்லாத்தையும் இன்னைக்கே ஈரத்துணி போட்டு எடுத்துருங்க. பழைய தூசி அங்கதான் ஒக்காந்திருக்கும்." சரி என்றார். எல்லாவற்றுக்கும் சரி என்றார், அப்படி அடுத்தவர் சொல்லி மூன்று தடவை சரி சொன்ன நாள் அவருக்கு ஞாபகத்தில் இல்லை. பிறகு பையிலிருந்து சீட்டை எடுத்து, கடைக்காரப் பெண்ணின் பேனாவைக் கேட்டு வாங்கி, ஸ்டேப்ளர் பின் என்ற வரியை அடித்தார். பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனை எடுத்தார். வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒரு நினைப்பு எட்டிப்பார்த்தது. பஸ்ஸில் போகிற முக்கால் மணி நேரத்தில் தன் மனசு என்னென்ன நியாயம் கண்டுபிடிக்கும் என்று அவருக்குத் தெரியும், அதனால் அங்கேயே நின்று போனைப் போட்டார்.

ஸ்பீக்கரில் மணி அடித்தது. "சொல்லுங்க" என்றாள் தெய்வானை, பின்னால் குக்கர் சத்தம். "மெசினு கெடச்சுதுங்களா?"

"கெடச்சுது. தெய்வான, நாஞ் சொல்றத நல்லாக் கேட்டுக்க. பாப்பாவுக்கு அன்னைக்கு இழுத்துது கம்பளத்தால இல்ல. எம் மெசினாலதான். நான் பின் அடிச்சு அடிச்சுப் போட்டனே அந்தப் பை, அது தூசியெல்லாம் பின்னாடி வழியா ஊடு முழுக்கத் துப்பியிருக்குது. நீ டிவி மேல கோடு போட்டுக் காட்டுன. நாந்தான் கேக்கல."

வாஷிங் மெஷின் பக்கம் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். கவுண்டரில் பில் போட்டுக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கினார். அந்தப் பக்கம் குக்கர் ஒரு விசில் அடித்து ஓய்ந்தது, அவள் அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது.

"ஏனுங்க" என்றாள், குரலை ரொம்பவும் இறக்கி. "ஸ்பீக்கர அமத்துங்க. கடையில ஆளுக இருப்பாங்க, கேக்கப் போறாங்க."

நாச்சிமுத்து போனை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். "கேக்கட்டும். அன்னைக்கு ஆஸ்பத்திரியிலயும் ஆளுக கேட்டாங்கல்ல. வினோதினிகிட்டயும் சம்பந்தியம்மாகிட்டயும் நானே சொல்லிக்கறேன். நீ எதும் பேச வேண்டாம். கம்பளத்த இன்னைக்கே அட்டாலியில இருந்து எறக்கறேன்."

"வேண்டாமுங்க." மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "பாப்பா ஊருக்குப் போகட்டும். ரெண்டு வருசம் கெடந்துது, இன்னும் நாலு நாள் கெடக்கட்டும்."

"சரி" என்றார், நாலாவது தடவையாக.

"பை எத்தன குடுக்கறாங்க?"

"அஞ்சு."

"இன்னும் அஞ்சு சேத்தி வாங்கிக்குங்க. வாங்கியாந்து எங்கையில குடுங்க, இனி நாந்தான் மாத்துவேன்" என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள்.